கல்லூரி விழாவுக்கு எந்தத் தீம்? ஐந்து தேர்வுகளும் அவற்றில் மறைந்திருக்கும் செலவுகளும்

ஆடி மாதத்தில் முதலாண்டு மாணவர்களுக்கான வரவேற்பு விழா, பங்குனியில் இறுதியாண்டு மாணவர்களுக்கான பிரிவுபசார விழா என்று ஆண்டுக்கு இருமுறை எங்கள் துறையில் கொண்டாட்டம் நடக்கும். மதுரையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கலைநிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாசிரியராக இருப்பதால், அந்த இரண்டு பருவங்களிலும் “மேடம், இந்தத் தடவை என்ன தீம் வைக்கலாம்?” என்ற கேள்வி என்னைத் தேடி வந்துவிடுகிறது. கேட்பவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கிராமத்துத் திருவிழா, எண்பதுகள், பல மாநில உடைகள், ஒரே நிறம், தூங்கா நகரம் என்று நான்கைந்து யோசனைகளை எழுதி வைத்துக்கொண்டு, எதைத் தொட்டால் யார் மனம் நோகுமோ என்ற தயக்கத்தோடுதான் வருகிறார்கள். அந்தத் தயக்கம் நல்லது. அதை வழிநடத்தும் விதத்தில் இந்த ஐந்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வரவேற்பு விழாவுக்குக் ‘கிராமத்துத் திருவிழா’ என்ற தீமுக்கு நானே ஒப்புதல் கொடுத்தேன். மடித்துக் கட்டிய வேட்டி, ஒட்டு மீசை, தோளில் துண்டு, அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய அரிவாள் ஆகியவற்றோடு ஒரு மாணவர் மேடைக்கு வந்து, உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசினார். அரங்கம் அதிர்ந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி மட்டும் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். மறுநாள் ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தவள், வாங்கிய பிறகும் போகாமல் நின்று, “எங்கப்பா அதே மாதிரி வேட்டி கட்டிட்டுத்தான் மேடம் என்னைய அட்மிஷனுக்குக் கூட்டிட்டு வந்தாரு” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நடித்தவர் விழா முடிந்ததும் வேட்டியை அவிழ்த்துப் பையில் வைத்துவிட்டார். அவள் அதே ஊருக்குப் பேருந்து ஏறிப் போயிருந்தாள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோலை அந்த மாணவிதான் எனக்குக் கொடுத்தாள். ஒரு தீமில் யாருடைய பிறப்பாவது வேடமாகிறதா என்று பார்க்க வேண்டும். சாதி, இனம், தோல் நிறம், பாலினம், உடற்குறை, ஊர்ப்பேச்சு ஆகியவை ஒருவர் கழற்றி வைக்க முடியாதவை. ஒரு காலகட்டம், ஓர் இடம், ஒரு தொழில்நுட்பம், ஓர் உணவு ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. இரண்டாம் வகையில் இருந்து எடுக்கப்படும் தீம்கள் பெரும்பாலும் யாரையும் குத்துவதில்லை.

இது தனிப்பட்ட கூச்சம் சார்ந்த விஷயம் மட்டுமன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் கொண்டுவந்த பகடிவதை (ராகிங்) தடுப்பு விதிமுறைகளில் 2016-ல் ஒரு திருத்தம் செய்தது. நிறம், இனம், மதம், சாதி, பாலினம், தோற்றம், வட்டாரம், மொழி, பிறந்த இடம், பொருளாதாரப் பின்னணி போன்றவற்றைக் காரணமாக வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் பகடிவதையே என்று அத்திருத்தம் சொல்கிறது. வரவேற்பு விழாவில் மூத்த மாணவர்கள் “இந்த வேடத்தில்தான் வர வேண்டும்” என்று முதலாண்டு மாணவர்களிடம் சொல்லும்போது, இந்த விதி எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் பணம். புதிய மாணவர்மீதோ வேறெந்த மாணவர்மீதோ கட்டாயச் செலவைச் சுமத்துவதையும் அதே 2009 விதிமுறைகள் பகடிவதையின் வடிவங்களில் ஒன்றாக வைத்திருக்கின்றன. என் வகுப்பு மாணவிகளில் பலர் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுபவர்கள். வாடகைக்கு எடுக்கும் ஓர் உடை அதில் சில நூறு ரூபாயை ஒரே மாலையில் தின்றுவிடும். அலங்கார வசூலையும் பரிசுப்பொருள் வசூலையும் சேர்த்தால் அந்த மாதத் தொகையில் மிஞ்சுவது சொற்பம்.

மூன்றாவதாக, வேடம் போட விரும்பாதவர் விழாவில் ஒதுங்கி நிற்காமல் கலந்துகொள்ள வழி இருக்க வேண்டும். நான்காவதாக, அன்று எடுக்கப்படும் படம் அரங்கை விட்டு வெளியேறி, பின்னணி தெரியாத ஒருவர் கைப்பேசியில் போய் நிற்கும்போது எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டும். ஐந்தாவதை மாணவர்கள் அநேகமாக மறந்துவிடுகிறார்கள்: மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பக்கமிருந்து வரும் மாணவிகள் அந்த உடையிலேயே மாலையில் பேருந்தில் திரும்ப வேண்டும்.

| தீம் | மாணவருக்கு ஆகும் செலவு | மறைந்திருக்கும் சிக்கல் | எப்போது ஏற்றது |
|---|---|---|---|
| கிராமத்துத் திருவிழா | குறைவு முதல் நடுத்தரம் | ஊர்ப்பேச்சும் உடையும் கேலியாவது. சாதிப் பாடல்கள் | கலைஞர்களை அழைக்கப் பணம் இருக்கும்போது |
| எண்பதுகள், தொண்ணூறுகள் | குறைவு | பழைய நகைச்சுவையின் இழிசொற்கள் | நேரமும் பணமும் குறைவாக இருக்கும்போது |
| பல மாநில உடைகள் | மிகுதி | பிறர் அடையாளம் வேடமாவது | அந்தந்த மாநில மாணவர்களே முன்வரும்போது |
| ஒரே நிறம் | மிகக் குறைவு | நிறச் சேர்க்கைகள் | முதலாண்டு வரவேற்புக்கு |
| தூங்கா நகரம் | குறைவு; துறைக்கு நடுத்தரம் | உழைப்பு, தெய்வ வேடங்கள் | பிரிவுபசாரம், பெரிய கூட்டம் |

## கிராமத்துத் திருவிழா

மதுரைப் பக்கத்தில் இந்தத் தீமுக்கு இருக்கும் ஈர்ப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று தை பிறந்ததும் ஊரே வாடிவாசலைப் பார்த்து நிற்கும் நிலத்தில், 2017-ல் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கம் மைதானத்தில் மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்த நினைவும் இருக்கும்போது, அட்டையில் ஒரு காளை செய்து நிறுத்தினாலே கூட்டம் சேர்ந்துவிடும். கோலம், கரும்பு, மாட்டுவண்டி, பானையில் பொங்கல் என்று அழகான பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

பொருள்கள் வரும்வரை சிக்கல் இல்லை. ‘கிராமத்தான்’ என்ற மனிதனை மேடையேற்றும்போதுதான் தவறு தொடங்குகிறது. அந்தப் பாத்திரத்துக்கு மாணவர்கள் தருபவை எப்போதும் அதே அரிவாளும் மீசையும் படிப்பறிவில்லாத பேச்சும்தான். வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கிராமங்களில் இருந்து வந்தவர்கள் என்பதை அந்த அரைமணி நேரம் மறந்துவிடுகிறார்கள். 1921 செப்டம்பர் 22 அன்று இதே மதுரையில், மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேலாடையைத் துறந்து ஏழை உழவரின் அரையாடைக்கு மாறினார். உழவரோடு சேர்ந்து நிற்பதற்காக ஒருவர் உடுத்திய உடையை, அதே ஊரில் அவர்களைக் கேலி செய்ய நாம் உடுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்னொரு ஆபத்து ஒலிபெருக்கியில் வருகிறது. திருவிழா என்றதும் ஏதாவது ஒரு சாதியின் பெருமையைப் பாடும் பாட்டு பட்டியலில் நுழைந்துவிடும். ஒரு பக்கம் எழுந்து ஆடும், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும். விழாவுக்கு மூன்று நாள் முன்னதாகவே பாட்டுப் பட்டியலை எழுத்தில் வாங்கி, அன்று மேடையில் புதிய பாட்டு எதுவும் சேர்க்கப்படாது என்று ஒலி அமைப்பாளரிடம் சொல்லி வைப்பது கட்டாயம்.

இதைச் சரியாகச் செய்யவும் வழி உண்டு. கரகாட்டம், ஒயிலாட்டம், பறை ஆகியவற்றைப் போலி செய்து ஆடுவதை விட்டு, அவற்றைத் தொழிலாகக் கொண்ட குழு ஒன்றை அழைத்து, பேசிய ஊதியத்தை முன்பணத்தோடு கொடுத்து, உடை மாற்ற ஓர் அறையும் உணவும் ஏற்பாடு செய்து, அவர்களிடமே மாணவர்கள் பத்து அடவுகள் கற்றுக்கொண்டு ஆடினால் அந்த மாலை வேறு மாதிரி இருக்கும். நாங்கள் ஒருமுறை அப்படிச் செய்தபோது, பறையைத் தீயில் காய்ச்சுவது எதற்கு என்று ஒரு மாணவர் கேட்க, கலைஞர் தோலை விரலால் சுண்டி, காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் ஒலி எப்படி மாறுகிறது என்று காட்டினார். அன்று யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதற்குச் செலவு அதிகம் என்பது உண்மை. துறை நிதியோ புரவலரோ இல்லாவிட்டால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## எண்பதுகள், தொண்ணூறுகள்

காலத்தைக் கருப்பொருளாக எடுப்பதில் யாருடைய பிறப்பும் சிக்குவதில்லை என்பதால், முதல் அளவுகோலில் இது எளிதாகத் தேறிவிடுகிறது. செலவும் குறைவு. பாவாடை தாவணியும், அம்மாவின் பழைய பூப்போட்ட சேலையும், அப்பாவின் அகலக் காலர் சட்டையும் வீட்டுப் பீரோவிலேயே இருக்கும். ஒலிநாடா, டிரான்சிஸ்டர், சுழற்றும் தொலைபேசி, எஸ்.டி.டி. பூத்தின் மஞ்சள் பலகை, 1952-ல் திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கின் பெயரில் ஒரு நுழைவுச் சீட்டு என்று அரங்கை அலங்கரிக்கலாம். உடை மாற்ற விரும்பாதவர்கூட வீட்டில் இருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்லலாம். பேருந்தில் தாவணியோடு ஏறினால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

சிக்கல் உடையில் இல்லை. அந்தக் காலத்து நகைச்சுவையில் இருக்கிறது. கறுப்பு நிறம், பருத்த உடல், திக்குவாய், வழுக்கை, திருநங்கைகள் ஆகியோரைச் சுற்றியே அன்றைய சிரிப்பில் பெரும்பகுதி எழுதப்பட்டது. அந்த வசனங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் மாணவர்கள், தீம் எண்பதுகள் என்றதும் அவற்றையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். குறிப்பாக ஆண்கள் சேலை கட்டி, இடுப்பை ஆட்டி நடந்து சிரிப்பு வாங்கும் காட்சி ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் நடக்கிறது.

ஆண் பெண் வேடமிடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய ஊர் இது. அத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள்தாம் வள்ளியாகவும் தமயந்தியாகவும் நடித்து, பார்ப்பவர்களை அழ வைத்தார்கள். அங்கே வேடம் ஒரு பெண்ணின் துயரத்துக்குள் நுழையும் வாசலாக இருந்தது. நம் மேடையில் அந்த வேடமே சிரிப்புக்குரிய பொருளாகும்போது, அரங்கில் தன் பாலினத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவருக்கு அது என்ன சொல்லும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாடகக் குறிப்பை முன்கூட்டியே படித்துப் பார்த்தால் இந்தச் சிக்கலை முழுவதும் தவிர்த்துவிடலாம் என்பதால், இந்தத் தீமுக்கு என் ஆதரவு உண்டு.

## பல மாநில உடைகள், பல நாட்டு உடைகள்

நல்லெண்ணத்தோடு தொடங்கி அதிகமாகப் புண்படுத்தும் தீம் இதுதான் என்பது என் அனுபவம். ‘ஒற்றுமை’ என்ற தலைப்பில் ஒருவர் தலைப்பாகை கட்டிக்கொள்வார். இன்னொருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வடகிழக்கு மாநிலத்தவராக வருவார். மற்றொருவர் முகத்தில் கரி பூசி, இலை கட்டிக்கொண்டு ‘காட்டுவாசி’ என்பார். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்ட மலைகளில் பளியர் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் படிக்கிறார்கள். அந்த இலை உடையைப் பார்க்கும்போது தன் ஊரைச் சொல்லவே ஒரு மாணவர் கூசினால் அந்தப் பொறுப்பு நம்முடையது.

மாலைகளும் ஊசிமணியும் பாசிமணியும் அணிந்து குறவர் வேடத்தில் ஆடுவதும் இந்தத் தீமில் தவறாமல் வரும். 2023-ன் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குறவர் சமூகத்தை ஆபாசமாகச் சித்திரிக்கும் குறவன் குறத்தி ஆட்டத்துக்கு எதிராக உத்தரவிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசும் நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலில் இருந்து அதை நீக்கியது. கோயில் திருவிழா மேடைக்கே பொருந்தாது என்று நீதிமன்றம் கருதியதைக் கல்லூரி மேடையில் நாம் வைத்துக்கொண்டிருக்க முடியாது.

பணக் கணக்கிலும் இதுவே மோசமானது. வேற்று மாநில உடை யார் வீட்டிலும் இருக்காது என்பதால் வாடகை தவிர வழியில்லை. சலவைக்கும் சேதத்துக்கும் முன்பணத்தில் பிடித்துக்கொள்வதும் உண்டு. உங்கள் கல்லூரியில் வேறு மாநிலத்து மாணவர்கள் கணிசமாகப் படித்து, தங்கள் வீட்டு உணவையோ ஆட்டத்தையோ தாங்களே காட்ட விரும்பினால் மட்டும் இதை எடுங்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ‘வடக்கன்’ என்ற சொல் அழைப்பிதழில் விளையாட்டாகக்கூட இடம்பெறக் கூடாது.

## ஒரே நிறம்

முதலாண்டு மாணவர்கள் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஒருவரை ஒருவர் அறியாத கூட்டத்துக்கு இதைவிட எளிய தீம் இல்லை. அனைவரும் நீலத்தில் வாருங்கள் என்றால் முடிந்தது. நீலத் துப்பட்டா, நீலச் சட்டை, எதுவும் இல்லாதவருக்கு வரவேற்பு மேசையில் நீல நாடா. கருநிறம் என்று வைத்தால், புர்கா அணியும் மாணவியும் சபரிமலைக்கு மாலை போட்ட மாணவரும் எந்த மாற்றமும் இல்லாமல் வரலாம். ஆனால் நல்ல நாளில் கறுப்பு உடுத்த விடாத வீடுகள் இங்கே நிறைய இருப்பதால், நான் நீலத்தையோ பச்சையையோதான் சொல்வேன்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு கண்ணி தென்மாவட்டங்களில் உண்டு. இரண்டு நிறங்களை இணைத்தால் அது ஏதாவது ஒரு சாதியின் அடையாளமாகவோ ஒரு கட்சியின் கொடியாகவோ ஆகிவிடக்கூடும். நாங்குநேரியில் 2023-ல் ஒரு பள்ளி மாணவரும் அவர் தங்கையும் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றோடு வருவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. நிறம் இங்கே அவ்வளவு கனமான பொருள். ஆகவே ஒரே ஒரு நிறம் மட்டும். இரண்டு அணிகளாகப் பிரித்து இரு நிறம் கொடுப்பதோ, மணிக்கட்டில் கயிறு கட்டி வரவேற்பதோ வேண்டாம்.

## தூங்கா நகரம்

என் மனம் அதிகம் சாயும் தீம் இது. மதுரையின் இரவுக் கடைவீதியை அரங்குக்குள் கொண்டுவருவதுதான் இதன் சாரம். சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சியிலேயே இந்த ஊரின் நாளங்காடியும் (பகல் சந்தை) அல்லங்காடியும் (இரவுச் சந்தை) பாடப்பட்டிருக்கின்றன. எனவே இந்தத் தீம் எந்த ஒரு சமூகத்துக்கும் சொந்தமானதன்று, ஊருக்குச் சொந்தமானது. இங்கே யாரும் வேடமிடத் தேவையில்லை. கடை போடுபவர், வாங்குபவர், சுற்றிப் பார்ப்பவர் என்று எல்லோருக்கும் இடம் உண்டு.

சென்ற முறை ஜிகர்தண்டா, பருத்திப்பால், பூக்கட்டுதல், முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடித் துணி என்று நான்கு கடைகள் வைத்தோம். பூக்கடையை நடத்தியவர் திருமங்கலம் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு மாணவியின் அம்மா. மொட்டு விரிவதற்கு முன்னால், விடிகாலையிலேயே பறித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து எடுத்து, இரண்டு மொட்டுகளைக் காம்போடு காம்பு எதிரெதிராக வைத்து ஒரு சுற்று, ஒரு முடிச்சு என்று அவர் கட்டிய வேகத்தை எங்கள் மாணவர்கள் கைப்பேசியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தும் பிடிக்க முடியவில்லை. ஒரு முழம் கட்டி முடிக்க ஒரு மாணவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. அவர் அதைத் தன் அம்மாவுக்குக் கொண்டுபோனார். சுங்குடிக் கடையில் ஒரு மாணவரின் பாட்டி, வெள்ளைக் கைக்குட்டையை நுனிவிரலில் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிச் சுற்றிக் காட்டினார். சாயத்தில் நனைத்துக் காய்ந்த பிறகு நூலை இழுத்தால் ஒவ்வொரு முடிச்சும் தெறித்து, அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். சுங்குடிக்கு 2005-லும் மதுரை மல்லிக்கு 2013-லும் புவிசார் குறியீடு கிடைத்தன என்று பலகையில் எழுதி வைத்திருந்தோம். கைக்குட்டையில் புள்ளி விழுந்த பிறகுதான் அதை எல்லோரும் படித்தார்கள்.

இதன் மறைமுகச் செலவுகளையும் சொல்லிவிட வேண்டும். மார்கழி, தையில் பனி விழுந்து வரத்துக் குறையும்போது மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லிகை கிலோ சில ஆயிரங்களைத் தொட்டுவிடும். அந்த மாதங்களில் விழா என்றால் பூக்கடையைக் கைவிட்டு வளையல் கடை வைக்கலாம். உணவில் சைவமும் அசைவமும் தனித்தனி மேசை, தனித்தனிக் கரண்டி என்று இருக்க வேண்டும். ஒரு வாரமாவது பத்துப் பேர் உழைக்க வேண்டும். உதவிக்கு வரும் பெற்றோருக்கும் கைவினைஞருக்கும் போக்குவரத்துச் செலவையும் ஒரு நாள் ஊதியத்தையும் துறை தர வேண்டும். அன்பின் பெயரால் உழைப்பை இலவசமாக வாங்கக் கூடாது.

சித்திரைத் திருவிழாவையே இதில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். நீர்மோர்ப் பந்தல், பானகம், ராட்டினம், சித்திரைப் பொருட்காட்சியின் கடைகள் ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். மீனாட்சியாகவோ அழகராகவோ வேடமிட்டு ராம்ப் வாக் நடப்பதை மட்டும் நான் அனுமதிப்பதில்லை. கருப்பசாமி உடை தைத்து, தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவது இங்கே ஒருவரின் நேர்த்திக்கடன். புது மண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல் கடைகளில் இன்றும் அந்த உடைகள் வேண்டுதலுக்காகத் தைக்கப்படுகின்றன. விரதமிருந்து உடுத்தும் ஒன்றைப் பரிசுப் போட்டிக்கு உடுத்தினால் நம்புகிறவரும் நோவார், நம்பாத மாணவரும் சங்கடப்படுவார்.

## தேர்வை முடிவு செய்யும்போது

பத்து நாள் அவகாசமும் சிறிய வசூலும் மட்டும் இருந்தால் எண்பதுகள். முதலாண்டு வரவேற்பு என்றால் ஒரே நிறம். வேண்டுமானால் அதோடு ஒரே ஒரு ஜிகர்தண்டாக் கடை. துறை நிதி கையில் இருந்து, மாணவர்கள் ஒருவரையொருவர் மூன்று ஆண்டுகளாக அறிந்த பிரிவுபசாரம் என்றால் தூங்கா நகரம்.

எதை எடுத்தாலும், அறிவிப்பு ஒட்டுவதற்கு முன் அதை விழாக் குழுவில் இல்லாத மூன்று பேரிடம் காட்டுங்கள்: கிராமத்தில் இருந்து பேருந்தில் வரும் ஒருவர், வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவர், வகுப்பில் அதிகம் பேசாத ஒருவர். “இது சரியா?” என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள். “இதுக்கு நீங்க என்ன போட்டுட்டு வருவீங்க?” என்று கேளுங்கள். என் அறைக்கு வந்த அந்த மாணவியிடம் நான் இப்போது ஒவ்வொரு விழாவுக்கு முன்னும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். தூங்கா நகரத்துக்கு அவள் தன் அப்பாவை அழைத்து வந்தாள். அவர் வேட்டியில் வந்து, பருத்திப்பால் கடையில் கருப்பட்டி போதவில்லை என்று சொல்லி, கிண்டும் கரண்டியைத் தானே வாங்கிக்கொண்டார்.